2 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட்: நாலு டேப் திறந்தாலே உறைகிறது

பழைய_பெட்டி:
கோர் ஐ3-2310எம் லேப்டாப், 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க். லினக்ஸ் மின்ட் 21.3 சின்னமன். பூட் ஆக ரெண்டு நிமிஷம், அது போகட்டும். ஃபயர்ஃபாக்ஸில் நாலாவது டேப் திறந்ததும் மவுஸ் அம்புக்குறி அப்படியே நிற்கிறது, டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. ஸ்வாப்பினஸ் (ரேமில் இருப்பதை ஸ்வாப்புக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளுவது என்ற அமைப்பு) 10 வைத்து, ப்ரீலோடும் (அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது) போட்டாச்சு. சின்னமனை விட்டு லேசான டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினால் சரியாகுமா?

கர்னல்_கிறுக்கன்:
மாறலாம், ஆனால் அதில் மிச்சமாகும் ரேமை ஒரே ஒரு கனமான டேப் விழுங்கிவிடும். முதலில் எது இழுக்கிறது என்று பாருங்கள். டெர்மினலில் "விஎம்ஸ்டாட் 1" ஓடவிட்டு டேப்களைத் திறங்கள். எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளில் எண்கள் ஏறினால் ரேம் போதாமல் டிஸ்க்கில் ஸ்வாப் நடக்கிறது, அதாவது டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்துகிறது. அந்த இரண்டும் 0, டபிள்யூஏ (டிஸ்க்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) மட்டும் அதிகம் என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்: டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் "ஸ்மார்ட்சிடிஎல்" காட்டும் கரன்ட் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை) 0-வாக இல்லையென்றால் முதல் வேலை பேக்கப்.

ப்ரீலோடை நீக்கிவிடுங்கள். காலி ரேம் இருக்கும் மெஷினுக்கான சமாச்சாரம் அது.

பழைய_பெட்டி:
எஸ்ஐ, எஸ்ஓ ரெண்டும் ஆயிரக்கணக்கில் ஓடுது. பெண்டிங் செக்டர் 0.

கர்னல்_கிறுக்கன்:
அப்போ டிஸ்க் ஸ்வாப்தான். "இசட்ரேம்-டூல்ஸ்" பேக்கேஜ் போடுங்கள். அது ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக்கும். ஈடிசி-க்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் "இசட்ரேம்ஸ்வாப்" ஃபைலைத் திறந்து அல்கோ (சுருக்கும் முறை) இசட்எஸ்டிடி, பர்சென்ட் (ரேமில் எத்தனை சதவீதம்) 50, பிரயாரிட்டி (முன்னுரிமை) 100 என்று வையுங்கள். வரிகளின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுக்காவிட்டால் எதுவும் செல்லாது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து "ஸ்வாப்ஆன் --ஷோ" பாருங்கள். இசட்ரேம் 100-லும் டிஸ்க் ஸ்வாப் மைனஸிலும் தெரிந்தால் சரி. பழைய ஸ்வாப்ஃபைலை அழிக்காதீர்கள், இசட்ரேம் நிரம்பினால் அதுதான் கைகொடுக்கும்.

ஸ்வாப்பினஸ் 10 என்பது டிஸ்க் ஸ்வாப்புக்குச் சொன்ன கணக்கு. இசட்ரேமுக்கு அது தலைகீழ்: 150 வையுங்கள் (கர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்கும்), பேஜ்-கிளஸ்டர் 0 (ஸ்வாப்பிலிருந்து ஒரு முறைக்கு ஒரு பக்கம் மட்டும் படிக்கும்).

ஸ்க்ரூடிரைவர்:
இதெல்லாம் முட்டுக்கொடுக்கிறதுதான். "டிஎம்ஐடீகோட் -டி மெமரி" கொடுத்து ஸ்லாட் காலியா பாருங்க. இருந்தா 4 ஜிபி லேப்டாப் டிடிஆர்3 ஒண்ணு போடுங்க, செகண்ட் ஹேண்டே போதும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கிடைச்சாலும் இந்தத் தலைமுறையில ஓடும், வேகம் 1333-க்கு இறங்கிக்கும். போடுறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடுங்க.

அடுத்தது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்ல டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. டிரே இல்லாத மாடல்னா ஸ்பேசர் வைக்கணும், இல்லாட்டி கனெக்டர் ஆடும். பூட் நேரம் குறையறது இதுலதான்.

யூடியூப் திணறினா ஹெச்264ஐஃபை ஆட்-ஆன் போடுங்க, அது யூடியூபை ஹெச்264 வடிவத்துல வீடியோ அனுப்ப வைக்கும். இந்த சிப்ல விபி9-க்கு (யூடியூப் பயன்படுத்தும் இன்னொரு வீடியோ வடிவம்) ஹார்டுவேர் டிகோட் கிடையாது, சிபியுதான் முழுசா சுமக்கும்.

பழைய_பெட்டி:
ஒரு ஸ்லாட் காலிதான் சார். இசட்ரேம் போட்டதும் ஆறு டேப் வரை அம்புக்குறி நிற்கலை. ரேம் தேடறேன்.