கட்டைவிரல் குறியும் பறிபோன வேலையும்: எழுத்தில் தொனி தொலைகிறதா?

வைகைக்கரையான்:
2018ஆம் ஆண்டு மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி அப்படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ஒரு காவலர் கட்டைவிரலை உயர்த்தும் குறியைப் பதிலாக இட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று பொருள்கொண்ட நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கான அடையாளமாகவும் அக்குறியைக் கொள்ளலாம் என்று கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உறுதிசெய்தது. குரலும் முகமும் இல்லாத இடத்தில் எழுதியவரின் மனநிலையை நாமாகவே முடிவுகட்டி, அதன்மேல் நடவடிக்கை எடுப்பது அநீதி என்பதே என் வாதம்.

தேன்மொழி:
அநீதி என்பதில் உடன்படுகிறேன். பழியை எழுத்து என்னும் ஊடகத்தின் மேல் போடுவதைத்தான் ஏற்க இயலவில்லை. 'ஆழ்ந்த வருத்தம்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் வழக்கே எழுந்திருக்காது. அஞ்சலட்டைக் காலத்திலும் குரல் இல்லை, முகம் இல்லை. ஆனாலும் பாசமும் கோபமும் மனத்தாங்கலும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. எதிரே ஆள் இல்லை என்பதை உணர்ந்தவர்கள், நலம் விசாரித்து, காரணம் சொல்லி, அதன்பிறகே விஷயத்துக்கு வந்தார்கள். அந்த உழைப்பை இன்று நாம்தான் கைவிட்டோம்.

கதிரவன்:
இச்சிக்கல் வாட்ஸ்அப்புக்கு மிக முந்தையது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாகக் கணினி வழியே வேடிக்கையாகப் பகிரப்பட்டதைச் சிலர் மெய்யான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அதையடுத்தே, 1982 செப்டம்பர் 19 அன்று, அங்கு பணியாற்றிய கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், இது வேடிக்கை என்று காட்டச் சிரிப்புக் குறியை :-) முன்மொழிந்தார். ஒரே வளாகத்தில் பணியாற்றிய கணினி அறிஞர்களுக்கே அந்நிலை.

வைகைக்கரையான்:
தேன்மொழி அவர்களே, உழைக்க வேண்டும் என்றே எழுதுபவருக்குத் தோன்றுவதில்லை என்பதுதான் சிக்கல். உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகவும் மெய்யாகவும் எழுதிய வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், நூற்றுக்கு 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று நம்பினார்கள், புரிந்துகொள்ளப்பட்டவையோ 56. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும். குரலில் கேட்டவர்கள் 73 வரை சரியாகச் சொன்னார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். மேலதிகாரி இரவு பத்து மணிக்கு 'நாளை காலை என்னை வந்து பாருங்கள்' என்று அனுப்புகிறார். அவருக்கு வேண்டியது ஒரு கோப்பில் கையெழுத்து. பெற்றவருக்கோ அன்றிரவு உறக்கம் போய்விடுகிறது.

தேன்மொழி:
உங்கள் உதாரணம் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது, ஐயா. 'ஒரு கையெழுத்து வேண்டும்' என்று சேர்த்து எழுதினால் அவர் நிம்மதியாக உறங்குவார். அதற்குக் குரல் தேவையில்லை. அந்த ஆய்வு சோதித்தது கிண்டலை. கிண்டல் எழுத்தில் எடுபடாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரணமும் அக்கறையும் எழுத்தில் எடுபடும்.

வைகைக்கரையான்:
மேலதிகாரி அந்த ஒரு வரியைச் சேர்ப்பார் என்று நம்பிக் காத்திருக்க முடியாதவர், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். எனவேதான், ஒருவரின் வேலையைத் தொடும் எந்த முடிவையும் குறியையோ குறுஞ்செய்தியையோ மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்று பணி விதிகளிலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

தேன்மொழி:
எழுதட்டும். காரணம் சொல்லாமல் இரவில் ஆள் அனுப்பி அழைப்பதுபோல் செய்தி அனுப்பக் கூடாது என்பதையும் அதே விதியில் சேர்க்கட்டும்.