ஹாலோவே, புரோபெர்க் இருவரையும் எட்மன்டன் இழந்தது வளர்ப்பின் பிழையா, கணக்கின் பிழையா?

ஆற்றங்கரை எழுதியது:

எட்மன்டனுக்குக் குடிவந்து நான்கு குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் அறியாமல் வந்த நான், பிள்ளைகளிடமிருந்து தொற்றிக்கொண்ட பித்தால் இப்போது ஆயிலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஓர் ஆட்டத்தைக்கூட விடுவதில்லை. பனித்தளத்தின் மீது நடப்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் அணியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

2024 ஜூனில் வட அமெரிக்க ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை சென்று புளோரிடாவிடம் தோற்ற நம் அணியில் டிலன் ஹாலோவே, பிலிப் புரோபெர்க் என்ற இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், புரோபெர்க் 2019இல் 8ஆம் இடத்திலும், ஹாலோவே 2020இல் 14ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டவர்கள். அத்தனை ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த இருவரையும் அதே ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் அணி ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போயிற்று. எட்மன்டனில் 89 ஆட்டங்களில் 18 புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) மட்டுமே எடுத்திருந்த ஹாலோவே, செயின்ட் லூயிஸில் முதல் பருவத்திலேயே 77 ஆட்டங்களில் 26 கோல்களோடு 63 புள்ளிகள் எடுத்தார்.

இவர்களை முன்கூட்டியே மேலே ஏற்றி, நிறைய நேரம் ஆட விட்டிருந்தால் நமக்கே அந்தப் பலன் கிடைத்திருக்காதா? கானர் மெக்டேவிட் 18 வயதில் நேரே வந்து ஆடவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நாற்றங்கால் எழுதியது:

மெக்டேவிட்டை அளவுகோலாக வைத்தால் எந்த இளைஞனைப் பற்றியும் சரியான முடிவுக்கு வர முடியாது. அவரைப் போன்றவர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் வருவார். மற்றவர்களை அவசரப்பட்டு ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊர் அணியைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 2010இல் டெய்லர் ஹால், 2011இல் ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், 2012இல் நைல் யாகுபோவ் என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டிராஃப்டின் முதல் இடம் எட்மன்டனுக்கே கிடைத்தது. மூவருமே எடுத்த பருவத்திலேயே முதன்மை அணியில் ஆடினார்கள். ஆனாலும் 2007 முதல் 2016 வரை பத்துப் பருவங்கள் அந்த அணி பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்திய லாக்அவுட்டால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய 2013 பருவத்தில் 17 கோல் அடித்துத் தொடங்கிய யாகுபோவ், மொத்தம் 350 என்.எச்.எல். ஆட்டங்களோடு ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். அவரைச் சுற்றி அனுபவசாலிகள் இல்லை. தற்காப்பு ஆட்டத்தைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள ஓர் இடமும் அவருக்கு அமையவில்லை. தடியால் அடித்துக் கனிய வைக்கப் பார்த்தார்கள் என்பதே என் கருத்து.

லியோன் டிரைசைட்லின் கதை இன்னும் நுட்பமானது. 2014இல் மூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்ட அவரை அந்தப் பருவமே இறக்கினார்கள். 37 ஆட்டங்களில் 2 கோல், 7 உதவி என்று திணறியவரை, 2015 ஜனவரியில் மேற்குக் கனடாவின் ஜூனியர் லீகுக்குத் திருப்பி அனுப்பினார்கள்; கெலோனா அணிக்கு ஆடினார். அங்கே அவர் அந்த லீகின் பிளேஆஃப் சிறந்த வீரராகவும், கனடிய ஜூனியர் லீகுகளின் இறுதிப் போட்டியான மெமோரியல் கோப்பையின் சிறந்த வீரராகவும் ஆனார். அடுத்த பருவத்தை பேக்கர்ஸ்ஃபீல்டில், அதாவது என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல். லீகில் ஆடும் எட்மன்டனின் துணை அணியில் தொடங்கி, ஆறே ஆட்டங்களில் மேலே அழைக்கப்பட்டு, 72 என்.எச்.எல். ஆட்டங்களில் 51 புள்ளிகள் எடுத்தார். ஒரே பையன், ஓராண்டு இடைவெளி. நடுவில் நடந்தது என்னவென்றால், ஒவ்வோர் இரவும் இருபது நிமிடத்துக்கு மேல் பக் எனும் ரப்பர் வட்டைத் தன் மட்டையில் வைத்துக்கொண்டு ஆடியதுதான். முதன்மை அணியின் நான்காவது வரிசையில் எட்டு நிமிடம் ஆடி, எதிரணிக்கு ஓர் ஆள் குறையும் பவர் பிளே வரும்போதெல்லாம் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையனுக்கு அது வாய்க்காது.

இந்த இடத்தில் விதிகளும் குறுக்கே நிற்கின்றன. 18, 19 வயதில் ஒப்பந்தம் செய்தவர் ஒரு பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால், அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் இறங்கிவிட்டால் அந்த ஆண்டு கரைந்துவிடும். 40 ஆட்டங்கள் அணிப் பட்டியலில் இருந்துவிட்டால், விரும்பிய அணிக்குப் போகக்கூடிய கட்டற்ற வீரராவதற்கான கணக்கிலும் ஓராண்டு ஏறிவிடும். டிரைசைட்லை 37 ஆட்டங்களோடு அனுப்பியதில் இந்த இரண்டாவது எல்லை தப்பியது, முதலாவது தப்பவில்லை. கனடிய ஜூனியர் லீகுகளிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் நெடுங்காலமாக இருந்தது. 20 வயது ஆகும்வரை அவர்களை ஏ.எச்.எல்.லில் ஆட விட முடியாது. முதன்மை அணியில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஜூனியருக்குத் திருப்ப வேண்டும். ஜூனியருக்கு மிஞ்சியவனாகவும் என்.எச்.எல்.லுக்கு எட்டாதவனாகவும் இருக்கும் 19 வயதுக்காரனுக்குப் பொருத்தமான படி அங்கே இல்லாமலே போயிற்று.

இதையெல்லாம் எட்மன்டன் கற்றுக்கொண்டது என்பதற்கு எவன் பூஷார்டைச் சொல்வேன். 2018இல் 10ஆம் இடத்தில் எடுத்து, ஏழு ஆட்டங்கள் காட்டிவிட்டு, ஒன்டாரியோவின் லண்டன் ஜூனியர் அணிக்கு அனுப்பினார்கள். 2019-20 பருவம் முழுவதும் பேக்கர்ஸ்ஃபீல்ட். 2021-22இல்தான் நிரந்தர இடம். 2023-24இல் 82 புள்ளிகள் எடுத்த தற்காப்பு வீரராக அவர் நின்றார். ஆகவே ஹாலோவேயையும் புரோபெர்க்கையும் மெதுவாக வளர்த்ததில் நான் குறை காண மாட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாற்றங்கால் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேட்டவரின் கேள்வியில் பாதிக்குத்தான் அது விடை. மீதிப் பாதி சம்பளக் கணக்கில் இருக்கிறது.

2004-05 பருவம் முழுவதும் லாக்அவுட்டில் அழிந்த பிறகு வந்த சம்பள உச்சவரம்பு, 2024-25இல் 8 கோடியே 80 லட்சம் டாலராக இருந்தது. 23 பேர் கொண்ட அணிப் பட்டியல் அதற்குள் அடங்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி எட்மன்டன் இரண்டு அனுபவசாலிகளை வாங்கியது: 32 வயது ஜெஃப் ஸ்கின்னருக்கு 30 லட்சம், 31 வயது விக்டர் ஆர்விட்சனுக்கு ஆண்டுக்கு 40 லட்சம். ஊர் முழுக்கக் கைதட்டிற்று, நானும் தட்டினேன். தொடக்க ஒப்பந்தம் முடிந்து, புது ஒப்பந்தத்துக்காக அந்த இரண்டு இளைஞர்களும் அப்போது காத்திருந்தார்கள். வேறெங்கும் போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். வெள்ளையடிக்கக்கூடக் காசு மிச்சம் வைக்காமல் வாங்கிய வீட்டைப் போல, உச்சவரம்பின் விளிம்பில் அணி நின்றது.

ஆகஸ்ட் 13 அன்று செயின்ட் லூயிஸ் இருவருக்கும் ஆஃபர் ஷீட் நீட்டியது. உரிமை இன்னோர் அணியிடம் இருக்கும் வீரருக்கு நேரடியாக ஒப்பந்தம் வழங்கும் வழி இது. பழைய அணி ஏழு நாளில் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம், அல்லது டிராஃப்ட் தேர்வுகளை ஈடாகப் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம். ஈடு எவ்வளவு என்பது சம்பளத் தட்டைப் பொறுத்தது. புரோபெர்க்குக்கு 45,80,917 டாலர், ஹாலோவேக்கு 22,90,457 டாலர். இந்த விசித்திரமான எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. முதலாவது, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை மட்டும் ஈடாகக் கொடுக்க வேண்டிய தட்டின் உச்சி. அடுத்தது, மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கான தட்டின் உச்சி. அதற்கு மேல் ஒரு படி போனால் ஈடு கூடும், அதற்குக் கீழே இறங்கினால் எட்மன்டன் தக்கவைத்துவிடும். வலிக்கும் இடத்தைப் பார்த்து விரல் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 68.7 லட்சம், ஸ்கின்னர், ஆர்விட்சன் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது 70 லட்சம். 2024-25இல் அந்த இரு மூத்தவர்களும் சேர்ந்து எடுத்தவை 56 புள்ளிகள். ஹாலோவே ஒருவரே 63.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். 89 ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்தவருக்கு ஆண்டுக்கு 23 லட்சம் கொடுக்க அன்றைக்கு யார்தான் துணிந்திருப்பார்கள்? பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைக் குற்றம் சொல்வது எளிதல்லவா?

எல்லைப்பாலம் எழுதியது:

நான் விண்ட்சரில் இருக்கிறேன்; ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட். முப்பது ஆண்டுகளாக டெட்ராய்டின் அணியான ரெட் விங்ஸைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். புரோபெர்க்கையும் ஹாலோவேயையும் எடுத்து வளர்த்த கென் ஹாலண்ட், 1997 முதல் 2019 வரை எங்கள் பொது மேலாளர். இளைஞனைக் கீழே வைத்து நன்றாகக் கனிந்த பிறகே மேலே அழைப்பது அவருடைய கொள்கை. ஆறாம் சுற்றில் 171ஆம் இடத்தில் எடுத்த பாவெல் டாட்சுக்கும், ஏழாம் சுற்றில் 210ஆம் இடத்தில் எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்க்கும் அவசரமில்லாமல் வளர்ந்து வந்தவர்கள். 2008 கோப்பை அவர்கள் தோளில் ஏறி வந்தது.

ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கஸ்டாவ் நைக்விஸ்ட் 2013 இலையுதிர் காலத்தில் என்.எச்.எல்.லுக்கு முழுத் தகுதியோடு இருந்தும் எங்கள் ஏ.எச்.எல். துணை அணியான கிராண்ட் ராப்பிட்ஸில் பருவத்தைத் தொடங்கினார். காரணம், அவரை வேவரில் போடாமலே கீழே அனுப்ப முடிந்தது. குறிப்பிட்ட ஆண்டுகளோ ஆட்டங்களோ கடந்த வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், அவரை மற்ற எல்லா அணிகளுக்கும் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். விரும்பிய அணி ஒன்றும் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகைக் காலம் தீராத இளைஞன் எத்தனை நன்றாக ஆடினாலும் முதலில் அனுப்பப்படுவது அவன்தான். நவம்பரில் மேலே வந்த நைக்விஸ்ட் 57 ஆட்டங்களில் 28 கோல் அடித்தார். கனிந்த பிறகும் மரத்திலேயே விட்டுவைத்தோம் என்று அன்றைக்கு நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

ஆற்றங்கரையின் சந்தேகத்துக்கு வருகிறேன். பின்னோக்கிப் பார்ப்பது எளிது என்பது உண்மை. 2025இலும் எட்மன்டன் இறுதிக்கு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த 18 புள்ளிகளைப் படிக்கும் முறை வேறு. காயங்களோடும், கீழ் வரிசைகளில் சொற்ப நிமிடங்களோடும் எடுத்த புள்ளிகள் அவை. 2024 பிளேஆஃபில் 25 ஆட்டங்களிலும் இறங்கி 5 கோல் அடித்தார் ஹாலோவே. அரையிறுதியில் டல்லாஸுக்கு எதிராகத் தொடர் இக்கட்டில் இருந்தபோதுதான் புரோபெர்க்கை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆண்டின் மிகக் கடினமான ஆட்டங்களில் நம்பி இறக்கிய வீரர்களை ஜூலையில் கடைசி வரிசையில் நிறுத்தியதுதான் எனக்குப் புரியாத புதிர். அந்த ஜூன் முடிவில் ஹாலண்டின் ஒப்பந்தம் முடிந்து அவர் விலகினார். ஸ்டான் போமன் பொது மேலாளராக வந்தது ஜூலை 24இல். வளர்த்தவர் போய், வாங்கியவர் வேறொருவராகி, ஆஃபர் ஷீட்டுக்குப் பதில் சொன்னவர் மூன்றாமவராகிவிட்டார்.

பொறுமையையும் நான் தெய்வமாக்க மாட்டேன். ஸ்டீவ் ஐசர்மன் எங்கள் பொது மேலாளராக வந்த பிறகு மொரிட்ஸ் சைடரை ஓராண்டு கிராண்ட் ராப்பிட்ஸிலும் ஓராண்டு சுவீடனிலும் வைத்து வளர்த்தோம். 2022இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை அவர் வாங்கினார். பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம் போன்ற வளர்ப்பு. ஆனாலும் 2017 முதல் 2025 வரை ஒன்பது பருவங்கள் எங்களுக்குப் பிளேஆஃப் இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லைப்பாலம் சொன்ன அந்த மூன்று கை மாற்றத்தை நான் யோசிக்கவில்லை, சரியான கவனிப்பு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2025 கோடையில் ஆர்விட்சனை பாஸ்டனுக்கும் எவாண்டர் கேனை வான்கூவருக்கும் அனுப்பினார்கள், ஸ்கின்னரும் போய்விட்டார். காலியான இருக்கைகளில் ஒன்றுக்குக் காத்திருந்தவர் மேத்யூ சவோய். எட்மன்டனை ஒட்டிய செயின்ட் ஆல்பர்ட்டில் பிறந்த பையன். 2022 டிராஃப்டில் 9ஆம் இடத்தில் பஃபலோ எடுத்தவரை 2024 ஜூலையில் ரயன் மெக்லியோடைக் கொடுத்து வாங்கி, 2024-25 பருவத்தின் பெரும்பகுதியை பேக்கர்ஸ்ஃபீல்டில் ஆட வைத்தார்கள். ஆற்றங்கரை அவர்களே, ஆட்டம் பார்க்கும்போது அவருடைய புள்ளிகளைவிட, எந்த வரிசையில் யாரோடு எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து குறித்துவாருங்கள். தொடக்க ஒப்பந்தம் முடியும் கோடையில் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.