அசிஸ்டன்ட்ஷிப்பா, பாதி ஸ்காலர்ஷிப்பா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. பணம்தான் இடிக்கிறது.

ஒன்றில் டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பாடம் நடத்துவதில் பேராசிரியருக்கு உதவும் வேலை தருகிறார்கள். வாரம் 20 மணி நேர வேலை, ட்யூஷன் (படிப்புக் கட்டணம்) முழுக்கத் தள்ளுபடி, மாதச் சம்பளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடிதத்தைப் பொறுமையாகப் படித்தால், ட்யூஷன் தவிர்த்த மற்ற கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் நம் தலையில். சம்பளமும் 9 மாதத்துக்குத்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பதால், கூடுதலாக ஒரு வேலை தேடவும் வழியில்லை.

இன்னொன்றில் பாதிக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் மட்டும். ஆனால் எனக்குப் பிடித்த ஆய்வகம் அங்கேதான்! சேர்ந்த பிறகு ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் (பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவும் சம்பள வேலை) வாங்கிவிடலாம் என்கிறார்கள் சில சீனியர்கள். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை; பேராசிரியர்களின் ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களுக்குத்தானே முதலில் போகிறது?

அப்புறம், முதல் இடத்தில் மார்ச் முடிவதற்குள் பதில் கேட்கிறார்கள். நிதியுதவியை ஏற்க ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் (மேற்படிப்பு தரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) தீர்மானத்தில் அவர்கள் பெயரும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மெயில் போட்டால் துறையில் தப்பாக நினைப்பார்களா? எப்படி எழுதுவது?

எம்.எஸ். சேர்ந்து இரண்டாம் செமஸ்டரில் அசிஸ்டன்ட்ஷிப் வாங்கியவர்கள் இருந்தால், யாரை அணுகினீர்கள் என்று சொல்லுங்கள். கோடை மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.