மறு: டெட்லாக்குக்கு 'முட்டுக்கட்டை' வேண்டாமே

> டெட்லாக், லாக் வெயிட் இரண்டுக்கும் 'முட்டுக்கட்டை' போதும். பயனருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தரவுத்தளச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலில் இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. பயனருக்கு ஒன்றாக இருக்கலாம், ராத்திரி போன் வந்து எழுந்து உட்கார்ந்து பிழைச்செய்தியைப் படிக்கிற ஆளுக்கு ஒன்றில்லை. மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பிழை எண் 1205 (லாக் வெயிட் நேரம் கடந்தது) வேறு, 1213 (டெட்லாக்) வேறு. முதலாவதில் ஒருவர் பூட்டை (தான் கையாளும் தரவை மற்றவர் மாற்றாமல் தடுப்பது) பிடித்திருக்கிறார், இன்னொருவர் காத்திருந்து (மையெஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் இயந்திரமான இன்னோடிபி தானாக வைத்திருக்கும் அளவு 50 வினாடி) அலுத்துப்போய் விடுகிறார், அவ்வளவுதான்; முன்னவர் சீக்கிரம் முடித்திருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டாவதில் விடியும்வரை நின்றாலும் தீராது, ஏனென்றால் உன் கையில் இருப்பது எனக்கு வேண்டும், என் கையில் இருப்பது உனக்கு வேண்டும். அதனால் தரவுத்தளமே பார்த்து, குறைவாக மாற்றம் செய்திருப்பவரைப் பலிகடா ஆக்கிவிடுகிறது. (இந்தச் சொல்லுக்கு யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.)

அதைவிட முக்கியமானது, 1213 வந்தால் பரிவர்த்தனை (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) முழுவதும் ரத்தாகிறது. 1205 வந்தாலோ, அமைப்பை மாற்றாதவரை, கடைசிக் கட்டளை மட்டும்தான் ரத்து. அதற்கு முன் பிடித்த பூட்டுகள் அப்படியே கிடக்கும், நாமாக ரோல்பேக் கொடுத்து மொத்தத்தையும் ரத்து செய்யாவிட்டால் அடுத்த ஆளும் மாட்டுவார். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்தால் படிப்பவர் தப்பான மருந்தைத்தான் கொடுப்பார்.

ஒரு மொத்த மளிகைக் கடை பில்லிங்கில் இதை நானே பட்டிருக்கிறேன். முதலில் இருந்தது மைஐசாம், அட்டவணை முழுவதையும் பூட்டுகிற பழைய சேமிப்பு இயந்திரம். மாதக்கடைசி அறிக்கையை ஒருவர் ஓட்டினால் போதும், ஒரு கவுன்டரின் இருப்புத் திருத்தம் அதன் பின்னால் நிற்கும், அந்தத் திருத்தத்தின் பின்னால் வெறுமனே விலை பார்க்க வந்தவர்கள்கூட நிற்பார்கள். அது அசல் அட்டவணைப் பூட்டு. இன்னோடிபிக்கு மாற்றினோம், அது போனது, 1213 வந்தது. காரணம் அற்பம்: வாடிக்கையாளர் சொல்கிற வரிசையிலேயே இருப்பைக் குறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கவுன்டரில் அரிசி, பருப்பு. பக்கத்துக் கவுன்டரில் பருப்பு, அரிசி. சரக்கு எண்படி அடுக்கிவிட்டு அப்புறம் குறைக்கச் சொன்னதும் நின்றுவிட்டது.

அதனால் டெட்லாக்குக்கு நான் சொல்வது 'குறுக்குப்பூட்டு'. ஒருவர் போகிற வழிக்குக் குறுக்கே மற்றவர் என்ற காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, எங்கே தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. முட்டுக்கட்டையில் அது இல்லை, அதை ஒருவரே போட்டுவிடலாம். 'சாவுப்பூட்டு' என்று எழுதியவர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். லாக் வெயிட்டுக்குப் 'பூட்டுக் காத்திருப்பு', அதில் சண்டை போட எதுவும் இல்லை.

ரோ லாக்குக்கு (அட்டவணையில் ஒரு பதிவை மட்டும் பூட்டுவது) 'வரிசைப் பூட்டு' என்று பட்டியலில் இருப்பதையும் மாற்றுங்கள். வரிசை என்றால் கியூ என்றும் படிக்கிறார்கள், அதுவும் காத்திருப்பைப் பற்றிப் பேசும் இடத்தில். பள்ளிக் கணக்கில் அணிகளுக்கு நிரை, நிரல் என்று படித்ததுதானே, 'நிரைப் பூட்டு' என்றே வைக்கலாம். (நிரல் என்றால் புரோகிராமா நெடுவரிசையா என்ற பழைய சண்டையை இப்போது கிளப்பவில்லை.) விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: தேடும் புலத்துக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இல்லாவிட்டால் இன்னோடிபி வழியில் பார்த்த நிரைகளையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும், வெளியே நின்று பார்ப்பவருக்கு அட்டவணையே பூட்டியதுபோலத் தெரியும். பாதிப் புகார்கள் இதுதான்.

மெட்டாடேட்டா லாக்குக்குத்தான் (அட்டவணையின் வடிவம் நடுவில் மாறாமல் காக்கும் பூட்டு) எனக்கு ஒன்றும் அமையவில்லை. யாரோ ஒரு செலக்ட்டை (தரவைப் படிக்கும் கட்டளை) ஓட்டி, பரிவர்த்தனையை முடிக்காமல் டீ குடிக்கப் போயிருப்பார், நாம் அட்டவணையின் வடிவத்தை மாற்ற ஆல்டர் டேபிள் கொடுத்தால் அது நிற்கும், அதன் பின்னால் ஊரே நிற்கும். 'மீத்தரவுப் பூட்டு' சரிதான், ஆனால் வாயில் நுழையவில்லை. 'அமைப்புப் பூட்டு' என்றால் செட்டிங்ஸைப் பூட்டுவது என்று நினைத்துவிடுவார்களோ?