மின்னணு ஸ்பீடோமீட்டர்: வண்டி நிற்கும்போதே முள் எழுகிறது, உதவி தேவை

பழையவண்டி:
என் பழைய காரில் கேபிள் ஸ்பீடோமீட்டரைக் கழற்றிவிட்டு மின்னணு ஸ்பீடோமீட்டரைப் பொருத்தியிருக்கிறேன். ஓடும்போது சரியாகக் காட்டுகிறது. நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முள் எழுந்து 20-ஐத் தொடுகிறது. வயரிங் எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். மீட்டரே பழுதா? நாளை வண்டியை வெளியே எடுக்க வேண்டும், விரைவாகச் சொல்லுங்கள்.

பற்சக்கரம்:
எத்தனை சிலிண்டர் எஞ்சின், சுழற்சியை உணர்ந்து மீட்டருக்கு மின்துடிப்பு அனுப்பும் சென்சாரை எங்கே மாட்டினீர்கள், அதில் இரண்டு வயரா மூன்று வயரா என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை. இரண்டு வயர் காந்தச் சென்சார் சுழலும்போது தானே மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். மூன்று வயர் ஹால் சென்சாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஆகவே அந்த மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கம்பிக்கட்டு:
இது எர்த் கோளாறு, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு, ஐயமே வேண்டாம். பழைய வண்டிகளில் துருவும் பெயிண்ட்டும் சேர்ந்து எர்த்தைக் கெடுத்துவிடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே புதிய பட்டை போட்டுப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைக்கப்பட்ட அந்தக் காலத்து வண்டியாக இருந்தால் இந்த மீட்டரை அதில் அப்படியே இணைக்கவே கூடாது.

திருப்புளி:
கையேட்டைப் பிரிக்காமலேயே மீட்டரைப் பொருத்திவிட்டு, பிறகு மீட்டர் பழுதா என்று கேட்பவர்களுக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? சிக்னல் வயருக்கு உலோக உறை போட்ட கேபிளைப் பயன்படுத்தி, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பது தொடக்கப் பாடம்.

செயற்கைக்கோள்:
சென்சாரே வேண்டாம் என்பேன். ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டரைப் பொருத்தினால் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை, டயர் அளவு மாறினாலும் கவலையில்லை.

திருப்புளி:
சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் உங்கள் மீட்டர் என்ன காட்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கம்பிக்கட்டு:
உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியன்று. எர்த் வழியே சுற்றோட்டம் உண்டாகாமல் தடுக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பார்க் பிளக் வயர்களிலிருந்து கிளம்பும் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்க இரு முனைகளையும் எர்த் செய்வதே மேல்.

திருப்புளி:
ஒரு மீட்டர் நீளமுள்ள வயருக்கு வானொலி நிலையத்தின் விதிகளைக் கொண்டுவர வேண்டாம்.

பழையவண்டி:
நான்கு சிலிண்டர், நான்கு கியர், நெகட்டிவ் எர்த். கேபிள் இருந்த இடத்தில் திருகி மாட்டும் சென்சார், ஒரு சுற்றுக்கு 16 துடிப்பு, மூன்று வயர். சென்சாருக்கு மின்சாரம் தரும் சிவப்பு வயரை, ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் கொடுத்திருக்கிறேன், அதுதான் பக்கத்தில் இருந்தது. டாப் கியரில் 60-இல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி அளவீடு செய்தபோது மீட்டர் 14,900 துடிப்பு என்று பதிவு செய்தது. மூன்றாவது கியரில் அதே வேகத்தில் போனால் மட்டும் 68 காட்டுகிறது.

பற்சக்கரம்:
உங்கள் மீட்டர் பழுதன்று. அது சக்கரத்தின் துடிப்போடு ஸ்பார்க்கையும் சேர்த்து எண்ணுகிறது. பல கியர்பாக்ஸ்களில் கேபிள் ஒரு மைலுக்கு 1,000 சுற்றுச் சுற்றும், அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 621. உங்களுடையதும் அப்படித்தான் என்று கொண்டால், அதை 16-ஆல் பெருக்கும்போது சுமார் 9,940 துடிப்புகள்தாம் வர வேண்டும். பதிவானது 14,900 என்பதால் மிகை ஏறக்குறைய 5,000. 60-இல் ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தில் எஞ்சின் 2,500 சுற்றுச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க் வீதம் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 5,000 ஸ்பார்க் விழும். நின்றபடி அதே 2,500 சுற்றுக்கு உயர்த்தினாலும் முள் 20-ஐத்தான் காட்டும். மூன்றாவது கியரில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றுவதால் அந்த 68-உம் இதே கணக்கில் அடங்கிவிடுகிறது.

காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு முழு 12 வோல்ட் வருவதில்லை. காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் சுவிட்சான பாயின்ட் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே மின்னழுத்தம் இறங்கி ஏறும், அதையும் மீட்டர் துடிப்பாக எண்ணிவிடுகிறது. சிவப்பு வயரை அங்கிருந்து எடுத்துவிட்டு, இக்னிஷன் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ் முனையில், மீட்டருக்கு மின்சாரம் போகும் அதே இடத்தில் கொடுங்கள். சென்சாரின் எர்த்தையும் மீட்டரின் எர்த்தோடு சேர்த்துவிட்டு, சிக்னல் வயரைப் பிளக் வயர்களுக்கு அருகில் போகாதபடி திருப்பிவிடுங்கள்.

கம்பிக்கட்டு:
எர்த்தும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கவும்.

பழையவண்டி:
மாற்றிவிட்டேன். நின்றபடி முடுக்கினால் முள் இப்போது அசையவில்லை. ஆனால் 60-இல் போகும்போது 40 காட்டுகிறது. முன்பு இதுவாவது சரியாக இருந்தது.

செயற்கைக்கோள்:
60 என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பழையவண்டி:
கைபேசியின் ஜிபிஎஸ்.

செயற்கைக்கோள்:
வேறொன்றும் நான் சொல்வதற்கில்லை.

திருப்புளி:
பொய்யான எண்ணிக்கையை வைத்து அளவீடு செய்தால் பொய்யான வேகம்தானே வரும்? கையேட்டில் இது ஒரு தனிப் பக்கமாகவே இருக்கும்.

பற்சக்கரம்:
அவர் சொல்லும் விதம் எப்படியிருந்தாலும் செய்தி சரிதான். மீட்டரின் நினைவில் இன்னும் பழைய 14,900 இருக்கிறது. வருவதோ 9,940 துடிப்பு. 60 அதனால்தான் 40 ஆகிறது. அளந்த ஒரு கிலோமீட்டரை மறுபடியும் ஓட்டி அளவீடு செய்யுங்கள், இம்முறை எந்த எண் பதிவாகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள்.

பழையவண்டி:
9,960. எல்லாக் கியரிலும் சரியாகக் காட்டுகிறது. நன்றி.

கம்பிக்கட்டு:
மகிழ்ச்சி. சிவப்பு வயரை மாற்றியபோது எர்த்தையும் சேர்த்தே மாற்றினீர்களா, அல்லது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தீர்களா? எது காரணம் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

கம்பிக்கட்டு:
நண்பரே, இன்னும் இருக்கிறீர்களா?