நீங்கள் ஏறிய கப்பல் எந்த ஊராக இருந்தது? உல்லாசக் கப்பல் அனுபவங்களைப் பகிருங்கள்

அலைவாய் (சிங்கப்பூர்)

2023 ஜூன் விடுமுறையில் அம்மா அப்பாவை முதல்முறையாகக் கப்பலில் கூட்டிப் போனேன். மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரிப் பயணம். கப்பல் ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ். சீனப் பயணிகளை மனதில் வைத்தே 2019-ல் கட்டிய கப்பல் அது, சிங்கப்பூருக்கு வந்தது 2022-ல். டிக்கெட் எடுக்கும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. விலையும் தேதியும் தோதாக இருந்தன, எடுத்துவிட்டேன்.

அம்மா வெந்நீர்தான் குடிப்பார், வெயில் காலத்திலும். அதற்கு என்ன செய்வது என்ற கவலையோடுதான் ஏறினோம். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், வெந்நீர்க் குழாய் முன்னால் ஏழெட்டுச் சீனப் பாட்டிகள் ஆளுக்கொரு ஃபிளாஸ்க்கோடு நிற்கிறார்கள். அம்மாவும் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற பாட்டி திரும்பி அம்மாவின் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், தானே வாங்கி மூடியைத் திருகி, உள்ளே கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டினார், பிறகு நிரப்பிக் கொடுத்தார். வீட்டில் அம்மா செய்வதும் அச்சு அசல் அதேதான். இவருக்குத் தமிழ் மட்டும், அவருக்குச் சீனம் மட்டும். நாலு நாளும் காலையில் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். அவர் ஆரஞ்சு உரித்துப் பாதியை அம்மா கையில் வைப்பார், அம்மா முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளுவார். அந்தப் பாட்டியோடு மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர். எங்கே போனாலும் ஒன்பது பேரும் சேர்ந்தே போனார்கள். பாட்டி சாப்பிட்டு முடிக்காமல் அந்த மேஜையிலிருந்து ஒருவரும் எழவில்லை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அமெரிக்கர்களுக்கான கப்பல் ஒன்றில் கரீபியன் தீவுகளுக்குப் போய்வந்தவர். அங்கே அறைக்கு வெந்நீர் கேட்டபோதெல்லாம் தேயிலைப் பையும் எலுமிச்சையும் தேனும் சேர்ந்து வந்ததாம். வெறும் வெந்நீரை ஒரு மனுஷி குடிப்பார் என்பதைக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லையாம். கடலும் அலையும் எல்லாருக்கும் பொது. ஆனால் கப்பலுக்குள் எந்த நேரத்தில் பசிக்க வேண்டும், எது மரியாதை, எது கூச்சம் என்பதை அது எந்த நாட்டு மக்களுக்காக ஓடுகிறதோ அந்த நாடு முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

பனங்கூடல் (ஜெர்மனி)

நான் யாழ்ப்பாணம். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. கீல் துறைமுகத்திலயிருந்து நோர்வேக்குப் போற கப்பலில குடும்பமாப் போனனாங்கள். ஜெர்மன்காரருக்கெண்டே ஓடுற கப்பல். அறிவிப்பு, மெனு, ராத்திரிப் பகிடி நிகழ்ச்சி எல்லாம் டொச்சிலதான், அதாவது ஜெர்மன் மொழியில. உடுப்புக் கட்டுப்பாடு கிடையாது. சாப்பாட்டோட பியரும் வைனும் விலைக்குள்ள அடக்கம், டிப்ஸும் அடக்கம். எல்லாம் முதலே கணக்குப் பாத்து முடிஞ்சுபோகோணும், பிறகு கையை நீட்டக் கூடாது எண்டது இந்தச் சனத்தின்ர குணம்.

ரெண்டாம் நாள் மனுசியும் மகளும் ஸ்பா பக்கம் போச்சினம். ரெண்டு நிமிசத்தில மனுசி திரும்பி வந்திட்டா. சோனா எண்ட, வேர்க்க வைக்கிற சூட்டறைக்குள்ள ஆணும் பெண்ணும் ஒண்டா, ஒரு துணியும் இல்லாமல் இருக்கினமாம். மகள் இஞ்ச பிறந்து வளந்தவ. அவதான் பொறுமையா விளங்கப்படுத்தினா. துவாயை விரிச்சு அதுக்கு மேல இருக்கோணும், மரப்பலகையில வேர்வை படக்கூடாது. நீச்சலுடுப்போட உள்ள போறதைத்தான் அவையள் சுத்தமில்லை எண்டு நினைக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பாக்கவும் மாட்டினம். மனுசி கேட்டுக்கொண்டே இருந்திட்டு, "சரி, அவையளுக்கு அது பழக்கம். எனக்கு இது பழக்கம்" எண்டு சொல்லி டெக்கில போய் இருந்து கடலைப் பாத்தா. ரெண்டு பேரும் சொன்னது நியாயம்தான்.

டெக் கதிரைக் கதையையும் எழுதோணும். காலமை ஆறரைக்கே நல்ல கதிரை எல்லாத்திலும் துவாய் விரிச்சுக் கிடக்கும், ஆளிருக்காது. மூண்டாம் நாள் எனக்குச் சரியான கோபம் வந்து, ஒரு துவாயை எடுத்து மடிச்சு வைச்சிட்டு அந்தக் கதிரையில இருந்திட்டன். பத்து மணிபோல ஒரு வயசான சோடி வந்துது. சண்டைக்கு வசனம் எல்லாம் மனசுக்குள்ள டொச்சில ஆயத்தம். அந்த மனுசன் முதலில மன்னிப்புக் கேட்டார். மனுசிக்கு முழங்காலில சத்திரசிகிச்சை நடந்ததாம், கைப்பிடி உள்ள உயரமான கதிரை அந்தப் பக்கம் அது ஒண்டுதானாம். நான் எழும்பிட்டன். அண்டைக்குப் பின்னேரம் சாப்பாட்டு மேசைக்கு அவையே வந்து, "இஞ்ச இடம் இருக்கோ?" எண்டு கேட்டு இருந்திச்சினம். ஜெர்மனியில முன்பின் தெரியாத ஆக்களின்ர மேசையில இப்பிடிக் கேட்டு இருக்கிறது வழமைதான். ஆனா எங்களிட்ட வந்து ஒருத்தர் அப்பிடிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மலையளுக்கு நடுவில கடல் நீண்டு புகுந்த கெயிராங்கர் ஃபியோர்டுக்குள்ள கப்பல் போகேக்க நாலு பேரும் ஒண்டா நிண்டுதான் பாத்தனாங்கள். அருவியள் மலையிலயிருந்து நேரா கடலுக்குள்ள விழும். ஒருத்தரும் கதைக்கேல்ல.

குளிர்நாடன் (ஸ்டாக்ஹோம்)

இங்கே கப்பல் பயணம் என்றாலே பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கோ தூர்க்குவுக்கோ ராத்திரிக் கப்பலில் போய்வருவதுதான். நடு ராத்திரியில் வழியிலுள்ள, பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவை ஒரு சில நிமிடம் தொட்டுவிட்டுப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனை 1999-ல் நின்றுபோனது, ஓலாந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தீவைத் தொட்டால்தான் கப்பல் கடையில் சாராயம் மலிவு. சுவீடனில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்கை வாங்கிப்போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். டாஸ்மாக் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று வருடம் என் எதிர்வீட்டில் இருந்தவர் லிஃப்டில் "ஹேய்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்மேல் ஏதோ வெறுப்பு என்றே நினைத்திருந்தேன். ஒரு பிப்ரவரியில் கப்பலின் கரோக்கி மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றவர், என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனைவியை இழந்தது, மகன் பேசாமல் இருப்பது, எல்லாம் சொன்னார். திங்கட்கிழமை லிஃப்டில் பார்த்தோம். "ஹேய்" என்றார், தரையைப் பார்த்தார். எனக்கு இப்போது அது வேறு மாதிரிக் கேட்கிறது.

முத்துநகரான்

நான் பயணி இல்லை, பரிமாறுகிறவன். தூத்துக்குடிப் பக்கம். பதினோரு வருடம், மூன்று கம்பெனி. ஏழெட்டு மாத ஒப்பந்தம், பிறகு இரண்டு மாதம் ஊர், மறுபடி ஒப்பந்தம். கப்பல் பெயர்களைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அலைவாய் சொன்னது சரி. எங்கள் வேலையே அதைப் படிப்பதுதான். அமெரிக்கர் உட்கார்ந்ததும் சட்டைப் பட்டையில் இருக்கும் என் பெயரையும் நாட்டையும் வாசிப்பார். ஐந்து நிமிடத்தில் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருப்பார். மெனு கையில் போவதற்கு முன் ஐஸ் தண்ணீர் வைத்தாக வேண்டும். ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்கு எழுந்து நாடக அரங்குக்குப் போய்விடுவார்கள். மத்தியதரைக் கடலில் இத்தாலியரும் ஸ்பானியரும் இருந்தால் எல்லாம் தலைகீழ். ஒன்பதரைக்குக் குழந்தைகளோடு வருவார்கள், ஒவ்வொரு வகைக்கும் நடுவே பேச்சு நடக்கும், நான் அவசரப்பட்டுத் தட்டை எடுத்தால் முகம் சுருங்கும். அமெரிக்க மேஜையில் தட்டை எடுக்கத் தாமதித்தால்தான் சுருங்கும். ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிடாவெக்கியாவில் ஏறுபவர், மார்சேயில் ஏறுபவர், பார்சிலோனாவில் ஏறுபவர் என்று தினமும் புது ஆட்கள் வருவதால் அறிவிப்பு ஐந்து மொழியில் ஓடும்.

ஜப்பான் சீசன் வேறு உலகம். யோகோஹாமாவிலிருந்து ஓடினோம். ஜப்பான் துறைமுகங்களுக்குள்ளேயே ஆளேற்றி இறக்க வெளிநாட்டில் பதிவான கப்பலுக்கு அனுமதி கிடையாது, அதனால் இடையில் கொரியாவின் பூசானைத் தொட்டு வருவோம். (அமெரிக்காவிலும் 1886-லிருந்து இப்படி ஒரு சட்டம் உண்டு. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்பது அதனால்தான்.) புறப்படும்போது மேல்தளத்திலிருந்து கரையிலிருப்பவர்களுக்குக் கலர் காகித நாடா வீசுவார்கள். ஒரு முனை இவர் கையில், மறுமுனை அவர் கையில். கப்பல் நகர நகர நாடா இழுபட்டு அறும். அறுந்த பிறகும் அந்தத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நாடா ஞாபகம் வரும்.

ஜப்பானியர் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். சூப் கிண்ணம் பாதியில் நின்றால் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாத்தாவும் பாட்டியும் பத்து நாள் என் மேஜையில் இருந்தார்கள். கடைசி இரவு காகிதத்தில் மடித்த கொக்கு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார் பாட்டி. எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள். பிறகு கருத்துப் படிவத்தில் பத்துக்கு ஏழு போட்டு, பக்கத்தில் "குறை ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கணக்கில் ஏழு என்பது நல்ல மதிப்பெண். ஆனால் எங்கள் மேலாளர் மேஜையில் இருந்தது அமெரிக்கக் கணக்கு. அங்கே ஒன்பதுக்குக் கீழே போனாலே ஏதோ தவறு நடந்ததாக அர்த்தம். அந்த மாதம் என் சராசரி விழுந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் என்னை நல்ல பகுதியிலிருந்து மாற்றிவிட்டார்கள். விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. கொக்கு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

நம்மவர்களும் இதே தவறைச் செய்கிறோம். மனசார மெச்சிவிட்டு எட்டுப் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை, அந்தப் பழக்கம். தயவுசெய்து, பிடித்திருந்தால் பத்துப் போடுங்கள். அந்தப் பையனின் அடுத்த எட்டு மாதம் அந்த எண்ணில் இருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிடாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது விதி. அதற்குப் பிறகுதான், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஜப்பானியர் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். நம் குழுக்களில் சிலர் வராமலே இருந்துவிடுவார்கள், வந்தவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு செல்ஃபி எடுப்பார்கள். கூப்பிடப் போகிற எனக்கு நெஞ்சு படபடக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து முப்பது பேர், ஒரே குடும்பம். ராத்திரி பத்து மணிக்கு என் பட்டையை வாசித்துவிட்டு ஒரு அம்மா, "தம்பி, தமிழா? தயிர் இருக்கா?" என்றார். ஐந்து மாதமாகத் தமிழில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை போடாத தயிரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். இறங்கும் நாளில் ஒரு பாட்டில் பருப்புப் பொடியைக் கையில் திணித்தார். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு தினமும் இருக்கும், பிலிப்பைன்ஸ்காரர்கள் அதிகம் என்பதால். அந்தப் பொடியை மணிலாக்காரர் இரண்டு பேரும் பாலித்தீவுக்காரர் ஒருவரும் நானும் ஒன்பது நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

கொளத்தூரான் (சென்னை)

முத்துநகரான் எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. நாங்கள் சென்னையிலிருந்து போன கார்டிலியா எம்ப்ரெஸ் 1990-ல் பிரான்சில் கட்டியது. முதலில் மியாமியிலிருந்து அமெரிக்கர்களை பஹாமாஸ் கொண்டுபோனது. 2008-லிருந்து சில வருடம் ஸ்பானியக் கம்பெனியிடம் இருந்தது. திரும்ப அமெரிக்கரிடம் போய்க் கியூபாவுக்கு ஓடியது. 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. அதே இரும்பு, அதே படிக்கட்டு. நாங்கள் ஏறியபோது வெங்காயம் பூண்டு இல்லாத ஜெயின் சாப்பாடு, ராத்திரி இந்திப் பாட்டு, லிஃப்ட் முன்னால் மூன்று தலைமுறை. எந்த மேஜையில் ஸ்பானியர் பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். 2023 ஜூனில் இந்தக் கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போனதைப் பனங்கூடல் ஐயா கவனித்திருப்பார் என்று நம்புகிறேன்.

பனங்கூடல் (ஜெர்மனி)

கவனிச்சனான் தம்பி. நான் அந்த ஊரை விட்டு வந்தது சண்டைக் காலத்தில, இருட்டில. அந்தத் துறைமுகத்தில ஒரு சுற்றுலாக் கப்பல் நிக்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தனான்.

அலைவாய் (சிங்கப்பூர்)

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முத்துநகரான் தம்பி இப்போது கப்பலிலா, ஊரிலா என்று கேட்கச் சொன்னார். எங்கள் கப்பலின் படிவத்தில் நான் எல்லாருக்கும் எட்டுதான் போட்டேன்.

முத்துநகரான்

ஊரில்தான் அக்கா, பதினெட்டாம் தேதி வரை. அம்மாவுக்கு என் வணக்கம். அந்தச் சீனப் பாட்டி ஃபிளாஸ்க்கை அலசிய மாதிரி நானும் இப்போது அலசுகிறேன் என்று சொல்லுங்கள்.