ஜெபக்கூட்டத்தில் ‘தேவனுடைய திட்டம்’ பற்றிப் பேசினார்கள்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

கல்லடி வாசகி:
வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அன்றைய பாடம் ஆதியாகமம் 1:27. ‘ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்’ என்பதிலிருந்து போதகர் நேரே ரோமர் முதலாம் அதிகாரத்துக்குத் தாவி, ஓரினச்சேர்க்கையாளர்களைப் பெற்றவர்களும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அந்த வீட்டு மாமியின் மகன் ஏன் கனடாவிலிருந்து வருவதில்லை என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். போதகருக்கு மட்டும் தெரியாதா? மாமி தட்டை நீட்டி, “ஐயா, நீலக் கோப்பையை எடுங்கள். அதில் சீனி போடவில்லை” என்றார். போதகருக்கு நீரிழிவு. வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்முனைக் கத்தோலிக்கன்:
எங்கள் பக்கமும் இதே கதைதான். கத்தோலிக்க மறைக்கல்வி 2357ஆம் பத்தியில் செயலைத் தவறு என்கிறது; 2358இல் அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. முதலாவது எல்லோருக்கும் மனப்பாடம். பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த தம்பியைப் பெருநாளுக்கு முதல் நாள் நிறுத்தினார்கள். காரணம் ஊர்ப்பேச்சு. பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடல் சுருதி விலகி எங்கோ போனது. அவன் மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பெற்றோல் டாங்கியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சோதோமைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் எசேக்கியேல் 16:49ஐ வாசிக்கட்டும். அங்கே சொல்லப்படும் குற்றம் பெருமையும் ஏழைக்குக் கைகொடுக்காததும்.

அக்கரைப்பற்று ஊழியன்:
சகோதரரே, 49இல் நிறுத்தினால் எப்படி? 50இல் அருவருப்பும் வருகிறது. மத்தேயு 19இல் ஆண்டவரே ஆதியாகமத்தை எடுத்துத்தான் திருமணம் பற்றிப் பேசுகிறார். போதகரின் பாடத்தில் பிழையில்லை, அந்த வீட்டில் அதைச் சொன்னதுதான் பிழை. என்னிடம் ஒரு வாலிபன் வந்தான். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். “பெண்ணிடம் சொல்லட்டுமா, ஐயா?” என்றான். சொல் என்றேன். கல்யாணம் நின்றது. இரு வீட்டாரும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கல்முனைக் கத்தோலிக்கன்:
50இல் எந்த அருவருப்பு என்று எழுதியிருக்கிறதா? அதே மத்தேயு 19இல் 12ஆம் வசனத்தையும் ஒரு நாள் பிரசங்கியுங்கள். தாயின் வயிற்றிலிருந்தே அண்ணகர்களாய், அதாவது மணவாழ்வுக்கு ஏலாதவர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு என்றார் ஆண்டவர்.

ஊழியன்:
அது துறவறத்துக்குச் சொன்னது.

புளியந்தீவுப் பெரியவர்:
வசனச் சண்டை போதும். என் மருமகனுக்குப் பேயோட்டினார்கள். எண்ணெய் பூசி இரவு முழுவதும் கத்தினார்கள். காய்ச்சலோடு வந்தான், அவ்வளவுதான். பிள்ளைகள் இப்படி இருக்கிற வீட்டாருக்குச் சொல்கிறேன். முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரன் 1883இல் இலங்கைக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. 1995இல் திருத்தினார்கள், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் 365அ பிரிவுக்குள் பெண்களும் வந்தார்கள். அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும் காரியம் நகரவில்லை. ஆகவே யாராவது பொலிஸ் என்று மிரட்டிப் பணம் கேட்டால், கொடுக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள். ஊழியன் தம்பி செய்தது சரி. கல்லடித் தங்கச்சி, அடுத்த கூட்டத்தில் மாமிக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.

கல்லடி வாசகி:
அடுத்த கூட்டமே இல்லை, ஐயா. எங்கள் வட்டாரத்தில் வீடு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.